தேம்ஸ் நதிக்கரையிலே பன்னிரு நாட்கள்

பெருநகரமொன்றைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அந்நகரத்தின் பெருமைகளையே காண விழைவர். அரண்மனை, கோட்டை, கோபுரம், கடைவீதி என அவர்தம் பட்டியல் நீண்டு செல்லும். அவற்றைக் காண்பதும் இன்பமே. ஆயினும், ஒரு மனிதரை நன்கறிய விரும்பினால் அவர் அணிந்திருக்கும் நகைகளை எண்ணிப் பார்த்தல் போதுமா? அவருக்கு நேர்ந்த துன்பங்கள் எவை, அவற்றினின்றும் அவர் கற்றுக்கொண்டவை எவை என்று கேட்டறிந்தாலன்றோ அவரை அறிந்தவராவோம்? நகரங்களுக்கும் இது பொருந்தும். 2024ஆம் ஆண்டின் கோடையிலே குடும்பத்துடன் நாம் இலண்டன் மாநகரிற் கழித்த பன்னிரு நாட்கள் இவ்வுண்மையை எமக்கு உணர்த்தின. அதனை வாசக நேயர்களுடன், சிறப்பாக மாணவ மாணவியருடன், பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எம் குழுவினர் ஐவர். நாம், எம் மனைவியார், உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மகன், நான்காந் தரத்திற் பயிலும் மகள், இவர்களுடன் எழுபத்து நான்கு வயதுடைய எம் மாமியார். பிள்ளைகள் அவரை அம்மம்மா என அழைப்பர்; நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே குறிப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பிறந்து, அக்கிராமத்துக் கிணற்று நீரையே பருகி, தோட்டமும் வீடுமாக வாழ்ந்தவர் அவர். இலண்டனில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தம் மகனின் இல்லத்தை ஒரு முறையேனும் கண்ணாற் காண வேண்டும் என்ற அவரது விருப்பமே எம் பயணத்துக்குக் காரணமாயிற்று.

வெயிலும் விளக்கும்

கட்டுநாயக்காவிலிருந்து நேரே செல்லும் விமானம் ஏறத்தாழப் 11 மணி நேரத்தில் ஹீத்ரோவை அடைகின்றது. நகரின் வடமேற்கே ஹரோ என்னும் பகுதியில் மைத்துனரின் இல்லம் அமைந்துள்ளது. அப்பகுதியில் எம்மவர் பலர் வாழ்கின்றனர். அருகேயுள்ள வெம்பிளியில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம் என்பதைக் கண்டபின் அம்மம்மாவின் கவலைகளிற் பாதி தீர்ந்தது.

அவரைக் கலங்க வைத்தது வேறொன்று. கோடைக்காலத்தில் அங்கே இரவு ஒன்பது மணியளவிலும் வெளிச்சம் இருக்கும். மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றிப் பழகிய அவர், யன்னலருகே நின்று சூரியனைப் பார்த்தபடி, “பொழுதுபடாமல் விளக்கேத்திறது எப்பிடித் தம்பி?” என்று எம்மை வினவினார். நாம் விடை கூறமாட்டாது நின்றோம். ஈற்றில், யாழ்ப்பாணத்தில் விளக்கேற்றும் நேரத்தைக் கணித்து, இலண்டனின் பட்டப் பகலிலேயே அவர் விளக்கேற்றினார்.

இலண்டன் என்றதும் மூடுபனியை நினைப்போர் இன்றும் உளர். பழைய கதைகளிற் படித்த அப்பனியை எம் மகளும் தேடினாள். தெளிந்த நீல வானமே எதிர்ப்பட்டது. அக்காலத்து மூடுபனியிற் பெரும்பகுதி நிலக்கரிப் புகையே. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி தொடக்கம் ஐந்து நாட்கள் அப்புகை நகரை மூடிக்கொண்டது. அதனால் 4,000 பேர் வரை மாண்டனர் என முதலில் மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்பர். 1956இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. இன்று பிள்ளைகள் காணும் நீல வானத்துக்குப் பின்னால் அத்துணை மரணங்களும் ஒரு சட்டமும் இருக்கின்றன என்பதை எண்ணியபோது அவ்வானம் எமக்குப் புதிதாகத் தோன்றிற்று.

மண்ணுக்கடியில் ஓடும் வண்டி

ஹரோவிலிருந்து நகருக்குச் செல்ல நாம் நாள்தோறும் ஏறியது மெட்ரோபொலிற்றன் என்னும் தடத்து ரயில். உலகின் முதலாவது சுரங்க ரயில் பாதை இதுவே. 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே இது திறக்கப்பட்டது. அன்று சுரங்கத்தினுள் ஓடியவை நீராவிப் புகைவண்டிகள்! மூச்சு முட்டும் அப்புகையைப் பொறுத்துக்கொண்டும் மக்கள் ஆயிரக்கணக்கில் அவற்றில் ஏறினர். பேக்கர் வீதி நிலையத்தைத் தாண்டி நாம் சென்ற வழி அந்த ஆதிப் பாதையேயாகும்.

அந்நிலையங்களிற் காணப்படும் வண்ண வரைபடத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் நன்று. அதனை வரைந்தவர் ஹரி பெக் என்னும் வரைவாளர். ஆண்டு 1931. நிலத்தின் மேலுள்ள உண்மைத் தூரங்களை அவர் பொருட்படுத்தவில்லை. எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் மாறுவது என்பதை மட்டுமே நேர்கோடுகளால் உணர்த்தினார். 1933இல் அச்சாகி வெளிவந்த அம்முறையை உலகின் பல நகரங்கள் பின்பற்றுகின்றன. எம் மகள் இரண்டே நாட்களில் அதனைக் கற்று, மூன்றாம் நாள் தொடக்கம் எமக்கே வழிகாட்டியானாள்.

அரண்மனை, கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம் முதலியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளமையால் நாம் விரித்துரைக்கவில்லை. பக்கிங்ஹாம் அரண்மனையின் முன்னால் செஞ்சட்டை அணிந்த காவலர் மாறும் காட்சியைக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கண்டோம். அரண்மனையின் யன்னல்களை எண்ணிக் களைத்த அம்மம்மா, “இவ்வளவு பெரிய வீட்டை ஆர் கூட்டுறது?” என்று கேட்டதே அங்கு நாம் பெற்ற சிறந்த குறிப்பாகும்.

தீயின் நினைவுத் தூண்

நான்காம் நாள் பழைய நகரப் பகுதிக்குச் சென்றோம். இலண்டன் பாலத்தின் அருகே கண்ணாடிக் கட்டடங்களின் நடுவே தன்னந்தனியாக ஒரு கற்றூண் எழுந்து நிற்கின்றது. அரசர் எவரது வெற்றியையும் குறிக்க எழுந்ததன்று அது. அந்நகரம் எரிந்து சாம்பலானதை நினைவூட்டுவது.

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், புடிங் ஒழுங்கையிலிருந்த ஒரு பாண் சுடும் இடத்திலே தீ மூண்டது. மர வீடுகள் ஒன்றையொன்று முட்டி நின்ற நெருக்கமான ஒழுங்கைகள், கோடையின் வறட்சி, கிழக்கிலிருந்து வீசிய பலத்த காற்று. நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. கிறிஸ்தோபர் ரென், ரொபேர்ட் ஹூக் ஆகிய அறிஞர் இருவரும் திட்டமிட்ட இத்தூண் 1677இல் முற்றுப்பெற்றது. இதன் உயரம் 202 அடி. தூணின் அடியிலிருந்து தீ தொடங்கிய இடத்துக்குள்ள தூரமும் 202 அடியே. பிள்ளைகளும் அவர்தம் மாமனாரும் 311 படிகளையும் ஏறிச் சென்றனர். நாமும் மனைவியாரும் அம்மம்மாவுடன் கீழே அமர்ந்திருந்தோம்.

அத்தூணின் அடியில் இலத்தீன் மொழிக் கல்வெட்டுகள் உள. அவற்றைப் பற்றிய செய்தியொன்று எம் உள்ளத்தைத் தொட்டது. நகரம் எரிந்த துயரிலும் அச்சத்திலும் மக்கள் யார்மீதாவது பழி சுமத்தத் துடித்தனர். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளி ஒருவர் தாமே தீ வைத்ததாகக் கூறிய பொய் வாக்குமூலத்தை ஏற்று அவரைத் தூக்கிலிட்டனர். தீ மூண்ட வேளையில் அவர் இலண்டன் மண்ணில் இருக்கவேயில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. அதன் பின்னும் பழி ஓயவில்லை. கத்தோலிக்க மக்களின் சதியே இத்தீ எனக் கூறும் வரி ஒன்றை 1681இல் இத்தூணிலேயே பொறித்தனர். இடையில் ஒரு மன்னர் அதனை அகற்ற, அடுத்து வந்தோர் மீண்டும் பொறித்தனர். 1830ஆம் ஆண்டிலேதான் அப்பொய் முற்றாகச் செதுக்கி நீக்கப்பட்டது.

எரிந்த வீடுகளைக் கட்டி எழுப்பச் சில பத்தாண்டுகள் போதியனவாயின. ஓர் அபாண்டத்தைக் கல்லிலிருந்து அகற்றவோ ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது! இதனை நாம் எடுத்துரைத்தபோது அம்மம்மா தலையசைத்து, “கல்லிலை இருந்து எடுத்திட்டினம். சனத்தின்ரை மனசிலை இருந்து எப்ப எடுத்தவை?” என்றார். அவ்வினாவை வாசகர் சிந்தனைக்கு விடுகின்றோம்.

நூல்களும் சாம்பலும்

அங்கிருந்து நடந்து சென்று புனித பவுல் பேராலயத்தை அடைந்தோம். தீயில் அழிந்த பழைய ஆலயத்தின் இடத்திலே 1675 முதல் 1710 வரை கட்டப்பட்டது இது. இதனை அமைத்த ரென், இதன் நிலவறையிலேயே எளிய கற்பலகையின் கீழ் துயில்கின்றார். அவரது நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் தம்மைச் சுற்றிலும் நோக்குக என்னும் பொருள்பட அங்கே இலத்தீனில் எழுதி வைத்துள்ளனர். 1940ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி இரவு, சுற்றுப்புறம் முழுதும் எரிகுண்டுகளால் எரிந்தபோது, மணல் மூட்டையும் நீர் வாளியும் தாங்கிய தொண்டர்கள் கூரையெங்கும் ஓடித் தீயை அணைத்து இவ்வாலயத்தைக் காத்தனர்.

1666இன் தீ பற்றி இங்கு அறிந்த செய்தி ஒன்று. அக்காலத்தில் புத்தக வணிகர் கடைகள் இவ்வாலயத்தைச் சூழ்ந்திருந்தன. கல்லாலாய நிலவறை பாதுகாப்பானது என நம்பி வணிகர்கள் தம் நூல்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து குவித்தனர். கூரை இடிந்து வீழ, அந்நூல்கள் அனைத்தும் எரிந்து போயின.

மகன் இதனைக் கூறியதும் அம்மம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். 1981ஆம் ஆண்டு எமது யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டபோது அவர் முப்பத்தொரு வயது இளம் தாய். அந்நூலகம் இன்று மீளக் கட்டப்பட்டு வாசகர் நிறைந்து விளங்குகின்றது. எனினும் அழிந்த ஏட்டுச் சுவடிகளை எக்கொத்தனாரால் மீளக் கட்ட இயலும்? நிலவறையின் வாங்கு ஒன்றில் அமர்ந்து அவர் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டார். பிள்ளையும் ஏனென்று கேளாமல் அருகிலிருந்தாள்.

ஆலயத்துக்குச் சிறிது வடக்கே தபாற்காரர் பூங்கா எனும் சிறு சோலை உண்டு. பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை ஈந்த சாதாரண மக்களின் பெயர்களை ஓடுகளிற் பொறித்து, 1900ஆம் ஆண்டில் வாட்ஸ் என்னும் ஓவியர் அங்கு ஒரு நினைவுச் சுவரை ஏற்படுத்தினார். 1885இல் எரியும் வீட்டினின்றும் தன் தமக்கையின் பிள்ளைகளைக் காக்க முயன்று உயிர் துறந்த அலிஸ் அயர்ஸ் என்னும் இளம் பணிப்பெண்ணின் பெயர் அவற்றுள் ஒன்று. படைத் தலைவர்க்கு உயர்ந்த சிலைகள் எழுப்பிய நகரம் பணிப்பெண்ணுக்கும் ஓர் ஓடு வைத்திருப்பது கண்டு மகிழ்ந்தோம்.

கைப்பிடி இல்லாத நீர்க்குழாய்

எம் மகன் ஊரிலிருந்து புறப்படும்போதே ஒரேயொரு வேண்டுகோள் விடுத்திருந்தான். அரண்மனையைக் காணாவிடினும் சோஹோவிலுள்ள நீர்க்குழாயைக் காண வேண்டும் என்பதே அது. ஏழாம் நாள் அவனது விருப்பம் நிறைவேறியது.

சோஹோ இன்று உணவுச்சாலைகளும் நாடக அரங்குகளும் மலிந்த பகுதி. அங்கே புரோட்விக் வீதியில், நடைபாதை ஓரத்தில், கையால் இயக்கும் பழைய பாணி நீர்க்குழாய் ஒன்று நிற்கின்றது. அதற்குக் கைப்பிடி இல்லை. பழுதடைந்து போனது என எண்ணிப் பலர் கடந்து செல்கின்றனர். உண்மையில் அவ்வாறு கைப்பிடியின்றியே அதனைச் செய்து நிறுத்தியுள்ளனர்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத முடிவில் இவ்வீதியைச் சுற்றி வாந்திபேதி திடீரெனப் பரவியது. சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீய காற்றினாலேயே இந்நோய் பரவுகின்றது என்பது அந்நாளைய மருத்துவர் பெரும்பாலாரின் நம்பிக்கை. ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. அவர் வீடு வீடாகச் சென்றார். இறந்தவர் எவ்வீட்டினர், அவர்கள் எங்கிருந்து நீர் எடுத்தனர் என வினவிக் குறித்துக்கொண்டார். மரணங்கள் இக்குழாயைச் சூழ்ந்தே நிகழ்ந்திருப்பது புலனாயிற்று. அருகிலிருந்த மதுச்சாலைத் தொழிலாளர் இக்குழாய் நீரைப் பருகுவதில்லை; அவர்களை நோய் அண்டவுமில்லை. ஸ்நோவின் சான்றுகளைக் கேட்ட உள்ளூர் நிருவாகத்தினர் செப்டெம்பர் 8ஆந் திகதி குழாயின் கைப்பிடியைக் கழற்றுவித்தனர்.

அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்நோவே நேர்மையுடன் எழுதி வைத்துள்ளார். அறிஞர்க்கு அழகு அது. ஹென்றி வைற்ஹெட் என்னும் இளம் பாதிரியார் முதலில் ஸ்நோவின் கொள்கையை மறுத்தவர்; மறுப்பதற்காகவே தாமும் வீடு வீடாக விசாரித்தவர். அவரது விசாரணையே ஈற்றில் ஸ்நோவின் கூற்றை நிலைநாட்டியது. குழாயின் எதிரேயிருந்த வீட்டில் ஒரு பச்சிளங் குழந்தை முதலில் நோயுற்றது. அதன் துணிகளைத் தோய்த்த நீர் அவ்வீட்டு மலக்குழியிற் கொட்டப்பட்டது. அக்குழிக்கும் குழாய்க் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் மூன்று அடியும் இல்லை. குழியின் செங்கற் சுவர் சிதைந்திருந்தது.

மகன் இவற்றையெல்லாம் கூறி முடிக்குமுன்னரே அம்மம்மாவுக்கு விளங்கிவிட்டது. கைப்பிடி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, “கிணத்துக்குப் பக்கத்திலை குழி வெட்டினால் கிணறு என்ன செய்யும், மோனை? இதைக் கண்டுபிடிக்க ஒரு டொக்டர் வேண்டிக் கிடந்ததோ?” என்றார்.

நாம் சிரித்தோம்; ஆனால் அச்சிரிப்பு நீடிக்கவில்லை. எம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்க, அதனையே கிணறுகள் வழியாக நாம் பருகுகின்றோம். அப்பாறை நீரை எளிதிற் கடத்தும். நீருடன் சேர்ந்த அழுக்கையும் எளிதிற் கடத்தும். சிறு வளவினுள்ளே கிணறும் மலக்குழியும் நெருங்கி அமைந்த வீடுகள் எத்தனை! தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிகளின் கசிவும் கிணற்று நீரில் நைத்திரேற்றைப் பெருக்குகின்றன என ஆய்வாளர் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணமும் வாந்திபேதியால் பேரிழப்பைக் கண்ட மண்ணேயாகும். அந்நாட்களைப் பற்றித் தம் பாட்டியார் கூறக் கேட்டவற்றை அம்மம்மா அன்று மாலை பிள்ளைகளுக்குச் சொன்னார். சோஹோவின் வீதி எமக்கு அந்நிய நாட்டு வீதியாக அதன்பின் தோன்றவில்லை.

ஆற்றுக்கு விலங்கிட்டவர்

ஸ்நோவின் கொள்கையை மேலிடத்தார் உடனே ஏற்றனரா? இல்லை. அவர் 1858இல், நாற்பத்தைந்து வயதிலேயே காலமானார். அதே ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதி நாற்றமெடுத்தது. நகரின் கழிவு முழுவதும் வந்து சேர்ந்தமையால் எழுந்த அந்நாற்றம், ஆற்றோரம் அமைந்த பாராளுமன்றத்தையும் விட்டுவைக்கவில்லை. யன்னற் சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர் உள்ளே இருக்க மாட்டாராயினர். ஏழைகளின் மரணங்கள் பல ஆண்டுகளாகச் செய்வியாததை, சட்டம் இயற்றுவோரின் மூக்கு சில வாரங்களிற் செய்வித்தது!

இப்பணியை ஏற்றவர் ஜோசப் பசல்கெட் என்னும் பொறியியலாளர். வீதிகளின் கழிவு ஆற்றில் விழுமுன் அதனை இடைமறித்து நகருக்குக் கிழக்கே கொண்டு செல்லும் 82 மைல் நீளமான பெருங் கால்வாய்களை அவர் செங்கல்லால் மண்ணின் கீழ் அமைத்தார். மக்கட்டொகை பெருகும் என்பதை எண்ணி அவற்றை அகலமாகவும் அமைத்தார். 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, கால்வாய் வேலை முற்றுப்பெறாதிருந்த கிழக்குப் பகுதியையே அது பெரிதும் தாக்கிற்று. இதனைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

1870இல் திறக்கப்பட்ட விக்டோரியா நதிக்கரைச் சாலையில் ஒரு மாலைப்பொழுது உலாவினோம். மேலே மரங்களும் இருக்கைகளும் விளக்குக் கம்பங்களும். அடியிலே கழிவுக் கால்வாயும் சுரங்க ரயிலும். சாலையோரச் சுவரில் பசல்கெட்டின் சிறிய உருவச் சிலை உண்டு. ஆற்றுக்கு விலங்கிட்டவர் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அதில் உளது. படமெடுப்போர் எல்லாம் எதிர்க்கரையின் இராட்சதச் சக்கரத்தையே நோக்கியிருந்தமையால், இவரருகே நின்று படமெடுக்க எமக்கு இடத்துக்குக் குறைவிருக்கவில்லை.

தேம்ஸின் கதை அத்துடன் முடியவில்லை. 1957இல் ஆய்வாளர் அதனை உயிரற்ற ஆறு எனக் கூறும் நிலை மீண்டும் ஏற்பட்டது. பின்னர் எடுத்த முயற்சிகளின் பயனாக இன்று மீன்கள் பல இனங்களாகப் பெருகியுள்ளன. கடல்நாய்களும் வந்து செல்கின்றன. மழைக்காலத்தில் பழைய கால்வாய்கள் நிரம்பி ஆற்றில் வழிவதைத் தடுக்கும் 25 கிலோமீற்றர் நீளப் புதிய சுரங்கம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழுமையாக இணைக்கப்பட்டது. துப்புரவு ஒரு தலைமுறையுடன் முடியும் வேலையன்று.

கிழக்கிலங்கைத் தாரை

பிரித்தானிய நூதனசாலையைக் காணாமல் இலண்டனைக் கண்டதாகக் கூறுதல் இயலாது. 1759ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ள இந்நூதனசாலையின் நிலையான காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமில்லை. ஒரு நாளில் அனைத்தையும் காண முயல்வோர் எதனையும் காணார். ஆதலால் நாம் நான்கே பொருள்களைத் தேர்ந்துகொண்டோம். அவற்றுள் ஒன்று எமது தீவிலிருந்து சென்றது.

தாரை தேவியின் வெண்கலச் சிலை அது. பொன் முலாம் பூசியது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் 143 சதமமீற்றர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கண்டெடுக்கப்பட்டதாகக் குறிப்பு உண்டு. முன்னாளில் இலங்கையின் ஆள்பதியாக இருந்த ரொபேர்ட் பிரவுன்ரிக் 1830இல் இதனை நூதனசாலைக்கு அளித்தார். வரம் அருளும் வலக்கையும், மெல்லிய இடையும், பாதி மூடிய விழிகளுமாக நிற்கும் அவ்வுருவின் முன்னால் உலகின் பல நாட்டினர் குரல் தாழ்த்தி நிற்பது கண்டோம்.

அம்மம்மா கைகூப்பினார். “இவ வந்து எத்தினை வரியம்?” என்று கேட்டார். இருநூறு ஆண்டுகள் அளவில் எனக் கூறினோம். “என்ரை மகனுக்கும் இருபத்தைஞ்சு வரியம் முடிஞ்சுது” என்றார். அருகே நின்ற மைத்துனர் தலை குனிந்தார். துன்பங்களைத் தூணிலும் ஓட்டிலும் எழுதி வைக்கும் இம்மாநகர், பிறரிடமிருந்து தான் எடுத்துவந்தவற்றின் கதையையும் அவ்வாறே முழுமையாக எழுதுமா என்ற வினா எம்முள் எழுந்தது. சிலையின் கீழுள்ள சிறு அட்டையில் அதற்கு இடம் போதாது.

பச்சை இதயம்

கற்ற பாடத்தை ஒரு நகரம் மறப்பதும் உண்டு. பத்தாம் நாள் ஹமர்ஸ்மித் பக்கமாக ரயிலிற் சென்றுகொண்டிருந்தபோது, வெண்திரையால் முழுதும் போர்த்தப்பட்ட உயர்ந்த கட்டடமொன்று தென்பட்டது. அதன் உச்சியிற் பச்சை நிறத்தில் பெரிய இதயம் வரையப்பட்டிருந்தது. கிரென்பெல் கோபுரம் என்னும் தொடர்மாடி அது. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆந் திகதி இரவு அங்கு மூண்ட தீயில் 72 உயிர்கள் மாண்டன. வெளிச்சுவரில் அழகுக்காகவும் குளிர் தாங்குவதற்காகவும் பொருத்திய தகடுகள் எளிதிற் பற்றிக்கொள்ளும் தன்மையனவாக இருந்தமையே தீ விரைந்து பரவியதற்குக் காரணம்.

வீடுகளை மரத்தாற் கட்டாது செங்கல்லாலும் கல்லாலும் கட்டுக என்று 1667இல் சட்டம் இயற்றிய நகரத்திலே, 350 ஆண்டுகள் கழித்து இது நேர்ந்தது. 2024 செப்டெம்பரில் வெளியான இறுதி விசாரணை அறிக்கை அரசு, நிறுவனங்கள் ஆகியோரின் பல்லாண்டுத் தவறுகளை விவரித்தது. அம்மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என விசாரணைத் தலைவர் கூறினார். கோபுரத்தை இறக்கிவிடுவதென 2025இல் அரசு முடிவு செய்தது. நாம் கண்டபோது ரயில் பெட்டியினுள் பேசிக்கொண்டிருந்த சிலர் அவ்விடம் வந்ததும் பேச்சை நிறுத்தினர். வண்டி வளைந்து திரும்பும்வரை மகள் அந்தப் பச்சை இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

குடும்பத்துடன் செல்ல எண்ணுவோர்க்கு எம் அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுவோம். நாளொன்றுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளற்க. முதியோரும் சிறுவரும் உடன் வரின் ஒன்றே போதும். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியோருடன் சுரங்க ரயிலிற் கட்டணமின்றிப் பயணஞ் செய்யலாம். பழைய நிலையங்கள் பலவற்றில் படிகளே உண்டாதலால், முதியோர்க்கு இரட்டைத் தட்டு பஸ் வண்டியே நலம்; நகரையும் நன்கு காணலாம். கோட்டைக்கும் பேராலயங்களுக்கும் கட்டணம் மிகுதி. பெரிய நூதனசாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் கட்டணமில்லை. நாம் பாணும் சம்பலும் பொதி செய்து கொண்டுசென்று, ஹைட் பூங்காவின் மர நிழலில் உண்ட மதிய உணவுக்கு ஈடாக எந்த உணவுச்சாலையும் அமையவில்லை.

செல்லுமுன் அந்நகரின் வரலாற்றைப் பிள்ளைகளுடன் சிறிதளவாவது படித்தல் மிக நன்று. ஒவ்வொரு பிள்ளையும் தான் காண விரும்பும் ஓரிடத்தைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். எம் மகன் கேட்டிராவிடில் அந்த நீர்க்குழாயை நாமும் பழுதடைந்தது என்றே கடந்து சென்றிருப்போம்.

ஊர் திரும்பிய மறுவாரம் அவன் அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமுமாகப் புறப்பட்டான். வகுப்புத் தோழர் மூவரையும் சேர்த்துக்கொண்டு, எம் ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வளவிலும் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரத்தை அளந்து குறித்தான். நீரைப் பரிசோதிப்பது எவ்வாறு எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்று கேட்டான். சில வீட்டார் சிரித்தனர். சிலர் தாமும் கூட வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தனர். அம்மம்மாவோ படலையில் நின்று, அடுத்த வீட்டாருக்குச் சோஹோவின் கதையை நேரிற் கண்டவர்போல் விளக்கிக்கொண்டிருந்தார்.